சாவி நிரம்பும் இடம்

என்னிடமுள்ள மணிக்கூடுகளில் பெரும்பாலானவை பொய்யானவை. முகத்தில் ஒரு சுவிஸ் பெயரை வைத்துக்கொண்டு வேறெங்கோ ஒரு பட்டறையில் பிறந்து, கொழும்பு புறக்கோட்டை வழியாகவோ தபால் பொதியாகவோ திருகோணமலைக்கு வந்து சேர்ந்தவை. மணிக்கூடு சேர்க்கும் எங்கள் ஆட்கள் அவற்றை ரெப்ளிக்கா என்பார்கள். நான் அவற்றை வாங்கிப் பின்மூடியைத் திறந்து, முகத்தை மாற்றி, முட்களை மாற்றி, தோல் பட்டி போட்டு, ஒவ்வொன்றையும் கொஞ்சம் வேறு மணிக்கூடாக்கி வைத்திருப்பேன். யாருக்காவது கொடுத்தால் ரெப்ளிக்கா என்று சொல்லித்தான் கொடுப்பேன். சொல்லாமல் கொடுத்தால் எனக்கு நித்திரை வராது. சொல்லிக் கொடுத்தாலும், வாங்கினவர் காதில் அது சரியாக விழுந்ததோ இல்லையோ என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

கடையைப் பூட்டிவிட்டு வீடு வந்து சேர்ந்தபின், பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பிப் போகிறவன் நான். மனைவி அணைத்த காஸ் அடுப்பை நானும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, இறங்குதுறைக்குப் பக்கத்தில் வள்ள எஞ்சின்களுக்கு உதிரிப்பாகம் விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். இன்றும் அதே கடைதான். சின்னத் திருகாணிகளோடு விரல் பழகியது அங்கே. ஆங்கிலத்தில் நான் தடங்கலில்லாமல் வாசிக்கக்கூடியது மணிக்கூட்டு முகங்களில் எழுதியிருக்கும் சொற்களை மட்டும்தான்.

ரெப்ளிக்கா எனக்குப் பிடித்ததற்குக் காரணம், அதைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை என்பதுதான். கீறுப்பட்டால் போகட்டும், தண்ணீர் புகுந்தால் போகட்டும். ஒறிஜினல் அப்படியல்ல. என்னிடம் உண்மையான ஒறிஜினல் என்று சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று இருந்தது. துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், மகனோடு இருக்கக் கனடாவுக்குப் போகும்போது எனக்கு விற்றுவிட்டுப் போனது. சிறியது, மெல்லியது. பற்றரி கிடையாது, கை ஆடுவதால் தானாக ஓடுவதும் கிடையாது. ஒவ்வொரு நாளும் ஓரத்துக் குமிழைத் திருகிச் சாவி கொடுத்தால்தான் ஓடும். அதை நான் கையில் கட்டி வெளியே போனதே இல்லை. துணியில் சுற்றி, ஒரு தகரப் பேணியில் போட்டு, அரிசிப் பீப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்தேன். அங்கே ஈரமும் ஏறாது, கள்ளனும் தேடமாட்டான் என்று ஒரு கணக்கு.

"அரிசி எடுக்கப் போனா வோச் வருது," என்பாள் மனைவி. "ஒரு நாளைக்குச் சோத்தோட சேத்து அவிச்சுப் போடுவன், பிறகு என்னைக் குறை சொல்லாதேங்கோ."

பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் சம்பூர்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு வயதான தம்பதி. அவரை ஐயா என்றும் அவரது மனைவியை அம்மா என்றும் கூப்பிடுவேன். ஒரே மகள் கல்யாணம் முடித்து லண்டனில் இருக்கிறாள். ஐயா மூதூருக்கும் திருகோணமலைக்கும் கடலில் ஆட்களை ஏற்றி ஓடும் லோஞ்சில் ஓட்டுநராக இருந்தவர். சண்டை ஓய்ந்து ஊருக்குத் திரும்பலாம் என்று விட்ட காலத்தில் இருவரும் ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறார்கள். வீடு நின்ற இடத்தில் கிணறும் ஒரு பக்கச் சுவரும்தான் மிச்சம். பார்த்துவிட்டு வந்து இங்கேயே தங்கிவிட்டார்கள்.

பிறகு ஐயாவுக்கு மறதி வந்தது. முதலில் பெயர்கள் போயின, பிறகு ஆட்கள். கடைசியில் அந்த இடம்பெயர்வு முழுவதுமே அவர் தலைக்குள்ளிருந்து போய்விட்டது. சம்பூர் வீடு நின்றபடி நிற்கிறது, தான் ஏதோ அலுவலாக இந்தப் பக்கம் வந்திருக்கிறேன், வீட்டு அலுமாரிக்குள் மணிக்கூடு கிடக்கிறது, லோஞ்ச் பிடித்துப் போய் அதை எடுத்து வரவேண்டும் என்ற நினைப்பு ஒன்றுதான் மிஞ்சியது.

மணிக்கூடு கற்பனை இல்லை. ஐயா இளவயதில், வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றி இறக்கியபோது, ஒரு வெளிநாட்டு எஞ்சினியர் தன் கையிலிருந்து கழற்றிக் கொடுத்த சுவிஸ் மணிக்கூடு. வேலை நாட்களில் மட்டும் கட்டுவாராம். ஷெல் விழத் தொடங்கிய அன்று அவருக்கு லீவு. மணிக்கூடு அலுமாரிக்குள் இருந்தது. உடுத்த உடுப்போடு ஓடினவர்களுக்கு அலுமாரியைத் திறக்க நேரமில்லை.

"இத்தனை வருசமா அதைப் பற்றி ஒரு கதை கதைச்சதில்லை தம்பி," என்றார் அம்மா. "வீடு போச்சு, மாடு கண்டு போச்சு, ஒண்டைப் பற்றியும் வாய் திறந்ததில்லை. இப்ப காலமை கண் முழிச்சா வோச், வோச் எண்டு நிக்கிறார்."

மணிக்கூட்டைப் பற்றிக் கதைப்பதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவர் இறங்குதுறைக்குப் போகத் தொடங்கினார். சட்டைப் பொத்தான் எல்லாம் பூட்டி, தலை வாரி, வேலைக்குப் போகிற மனிதரைப் போலவே போவார். ஒருநாள் கயிறு அவிழ்த்துவிட்ட லோஞ்சில் கால் வைத்து ஏறப்போய் இடைவெளிக்குள் விழுந்துவிட்டார். லோஞ்ச்காரர் குதித்துத் தூக்கினார்கள். அதற்குப் பிறகு அம்மாவால் ஆறுதலாகக் குளிக்கக்கூட முடியவில்லை. என் மனைவி போய் வாசலில் இருந்தால்தான் அவர் கிணற்றடிக்குப் போவார்.

லண்டனிலிருந்து மகள் ரெலிபோனில் அழுதாள். "கேற்றைப் பூட்டுங்கோ அம்மா. திறப்பை இடுப்பில செருகி வையுங்கோ. அப்பா கடலுக்குள்ள போனா நான் என்ன செய்வன்?"

அம்மா ஒருமுறை பூட்டிப் பார்த்தார். ஐயா கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டார். "தம்பி, இதை ஒருக்காத் திறந்து விடுங்கோ, லோஞ்ச் வெளிக்கிடப் போகுது." மரியாதையாகத்தான் கேட்டார். எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்று வெளியே ஒதுங்கி நின்றது, அதுவும் கழுத்தை நீட்டி அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. அன்றைக்கே அம்மா திறந்துவிட்டார்.

"நான் அவரைப் பூட்டி வைக்க மாட்டன்," என்றார் என்னிடம். "பிள்ளை சொன்னா, நீங்கள் வோச் எல்லாம் மாத்திச் செய்வீங்களாம். அதைப் போல ஒண்டு செய்ய ஏலுமே தம்பி? அது கையில கிடந்தா ஆள் போகமாட்டார்."

பிள்ளை என்று அவர் சொன்னது என் மனைவியை. இந்த மனுசி ஏன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். மறதி நோய்க்காரரை ஏமாற்றுவது பாவமா, அவர் கண்டுபிடித்துவிட்டால் இன்னும் மோசமாவாரா, நான் செய்த சாமானை நம்பி அம்மா அசந்த நேரத்தில் அவர் போய் விழுந்துவிட்டால் அது யார் தலையில் விடியும் என்று எல்லாம் யோசித்தேன். யோசித்துவிட்டு, "ஓம், செய்து பாப்பம்," என்றேன். வேறு எதையும் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாது.

மணிக்கூடு இருந்த படம் ஒன்றுதான் கிடைத்தது. லோஞ்ச் தொழிலாளிகள் வரிசையாக நிற்கும் படம், மகளிடமிருந்து வந்தது. ஐயா கம்பியில் கை ஊன்றி நிற்கிறார். மணிக்கட்டில் அரிசி மணி அளவுக்கு ஒரு வெள்ளை. கைபேசியில் பெருப்பித்துப் பார்த்தேன். பெருப்பிக்கப் பெருப்பிக்க அது சதுரம் சதுரமாக உடைந்தது. மிச்சத்தை அம்மா சொன்னார். பன்னிரண்டும் மூன்றும் ஆறும் ஒன்பதும் மட்டும் இலக்கம், மற்ற இடமெல்லாம் கோடு.

"முகம் என்ன நிறம் அம்மா?"

"வெள்ளை எண்டுதான் சொல்லுவார். எனக்கெண்டா வெத்திலை போடுறவையின்ர பல்லு மாதிரி." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து நெடுநாளாகியிருந்தது. பிறகு, நாலு மணிக் கோட்டுக்கு நேரே, விளிம்பில் ஒரு ஆழமான கீறு இருந்தது என்றார். லோஞ்சுக்கும் கொங்கிறீற்றுக்கும் இடையில் கை அகப்பட்டபோது விழுந்த கீறு.

கிண்ணியாவில் மணிக்கூடு வாங்கி விற்கும் சிநேகிதன் ஒருவன் எனக்கு இருக்கிறான். அவனிடம் சொன்னேன். சிறிய சைஸ், பழைய மாதிரி ரெப்ளிக்கா ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு மோட்டார்சைக்கிளில் பாலம் கடந்து வந்தான்.

"ஒலகத்தில எல்லாரும் பழசப் புதுசாக்கித் தா எண்டுதான் கேப்பான் மச்சான். ஒனக்கு மட்டும் எப்படிடா இப்படி ஓடர் வருது?"

"உள்ளுக்கு என்ன கிடக்கு?"

"ஒட்டோமெற்றிக். கைய ஆட்டினாப் போதும், ஓடிக்கிட்டே இரிக்கும். சாவி குடுத்தாலும் எடுக்கும். பெரிய மனுசனுக்கு நல்லது, ஒரு கரைச்சலும் இல்ல."

எனக்கும் அப்படித்தான் பட்டது. மறதிக்காரர், சாவி கொடுக்க மறந்தாலும் மணிக்கூடு நிற்காது. ஒரு கவலை குறைந்தது என்று சந்தோசப்பட்டேன்.

அந்த வேலையை நான் ஆசையோடு செய்தேன். முகத்தைக் கழற்றி, பால் விடாத கடும் பிளேன்ரீயில் ஊறவிட்டு எடுத்துக் காயவைத்தேன். கொஞ்ச நேரம் கூடினால் எழுத்து உரிந்துவிடும், குறைந்தால் சாயம் பிடிக்காது. மூன்றாவது முகத்தில்தான் அம்மா சொன்ன நிறம் வந்தது. தட்டையான கண்ணாடியை எடுத்துவிட்டு, நடுவில் மேடான பழைய மாதிரிப் பிளாஸ்ரிக் கண்ணாடி போட்டேன். பளபளத்த விளிம்பை மெல்லிய அரத்தாளால் தேய்த்து மங்கவைத்தேன். நாலு மணிக்கு நேரே ஊசியால் கீறி, அந்தக் கீறின் ஓரமும் கூராக இருக்கக்கூடாது என்று மறுபடி தேய்த்தேன்.

மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள். "கீறு விழுந்திடுமெண்டு பயந்து வோச்சை அரிசிக்குள்ள புதைக்கிற மனுசன், இப்ப ஊசியால கீறிக்கொண்டிருக்கிறார்."

முடிந்தபோது, நான் செய்தவற்றில் மிகச் சரியாக வந்தது அதுதான் என்று எனக்குத் தெரிந்தது. எங்கள் கைபேசிக் குழுவில் படம் போட்டேன். ஒறிஜினல் என்றே நம்பி இரண்டு பேர் விலை கேட்டார்கள். இல்லை, ரெப்ளிக்கா என்று எழுதினேன். நம்பவில்லையோ என்று இன்னொருமுறையும் எழுதினேன்.

ஒரு காலையில் கொண்டுபோனேன். ஐயா உடுத்து வெளிக்கிட்டுக் கதிரையில் இருந்தார். "இஞ்சருங்கோ, உங்கட வோச்சை எடுத்துக்கொண்டு வந்திருக்கினம்," என்றார் அம்மா. ஐயா வாங்கினார். கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். பெருவிரல் விளிம்போடு போய் நாலு மணிக் கீறில் நின்று அதை இரண்டு தரம் தடவியது. அம்மா என்னைப் பார்த்தார்.

பிறகு ஐயா மணிக்கூட்டைக் காதில் வைத்துக் கேட்டார். குமிழைப் பிடித்துச் சாவி கொடுக்கத் தொடங்கினார்.

கொடுத்துக்கொண்டே இருந்தார். தேத்தண்ணி வந்து ஆறியது. "குடியுங்கோவன்," என்றார் அம்மா. "இன்னும் நிரம்பேல்லை," என்றார் ஐயா. விரலை உதறிவிட்டு மறுபடி தொடங்கினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சாவி கொடுக்கும் மணிக்கூட்டுக்குள் ஒரு சுருள் இருக்கிறது. திருகத் திருக அது இறுகும். முழுதாக இறுகியதும் குமிழ் அப்படியே நின்றுவிடும், பிறகு ஒரு மயிரிழையும் போகாது. ஒட்டோமெற்றிக்கில் அப்படி ஒரு முடிவு கிடையாது. கை நாள் முழுவதும் ஆடி ஆடிச் சுருளை இறுக்கிக்கொண்டிருப்பதால், அது உடையாமலிருக்க நிறைந்ததும் உள்ளே வழுக்கிவிடும்படி செய்திருப்பார்கள். எவ்வளவு திருகினாலும் குமிழ் சுற்றிக்கொண்டே இருக்கும். இது எனக்கு நன்றாகத் தெரிந்த விசயம். தெரிந்தும் அது எனக்கு யோசனையில் வரவில்லை. நாங்கள் மணிக்கூடுகளைப் படத்தில் பார்த்துப் பழகினவர்கள். முகத்தின் நிறம் ஒரு சாயல் பிசகினால் குழுவில் ஒரு கிழமை சண்டை நடக்கும். விரலுக்கு என்ன தெரிகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

மத்தியானம் ஆகும்போது ஐயாவின் பெருவிரல் சிவந்து தோல் உரிந்திருந்தது. மணிக்கூட்டை ஸ்ரூலில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை.

"தம்பி, இது நல்ல வோச். ஆனா என்ரை இல்லை. வேற ஆரின்ரையோ. சொந்தக்காரரிட்டக் குடுத்திடுங்கோ. என்ரை அலுமாரிக்குள்ள கிடக்கு." எழுந்து செருப்பைப் போட்டார்.

அவரை மறித்து இருத்தியபின் அம்மா சொன்னார். "வேலைக்குப் போகேக்க ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான். சாவி குடுப்பார், அது நிக்கும், 'ம்' எண்டுவார். பிறகுதான் தேத்தண்ணியைக் கையில எடுப்பார். நான் இதை உங்களுக்குச் சொல்லாமல் விட்டிட்டன். சொல்லுற கதை எண்டே எனக்குத் தெரியேல்லை தம்பி."

சிநேகிதனைக் கேட்டேன். மணிக்கூட்டின் கூட்டுக்குள் வைக்க, சாவி கொடுத்து ஓடும் மெசின் வேண்டும், சிறிய சைஸ்.

"இந்தக் காலத்தில ஆர் மச்சான் சாவி குடுக்கிறான்? ஃபோனுக்குச் சார்ஜ் போடவே அலுப்புப் படுறானுகள்." தேடினான், பாவம். கிடைத்தவை பெரியவை, அந்தச் சின்னக் கூட்டுக்குள் அடங்காது. வெளிநாட்டிலிருந்து ஒன்றுக்கு ஓடர் போட்டோம். அது கொழும்பில் சுங்கத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

அந்த இடைவெளியில் ஐயா மறுபடி போனார். அம்மா குசினியில் நின்ற நேரம். கடை வாசலிலிருந்து நான்தான் கண்டேன். நிமிர்ந்து, அவசரமில்லாமல், இறங்குதுறையில் நடந்துபோகிறார். கையிலிருந்த சாமானைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவரது ஒரு கால் கொங்கிறீற்றில், மற்றக் கால் லோஞ்சின் விளிம்பில். லோஞ்ச் விலகிக்கொண்டிருந்தது. சட்டையைப் பிடித்தேன், அது கிழிந்தது. அவர் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டேன். லோஞ்சில் நின்ற ஒருவர் கீழிருந்து அவரது காலைத் தள்ளிவிட்டார். இருவரும் பின்னால் விழுந்தோம்.

"விடுங்கோ தம்பி," என்றார் ஐயா. "பிந்தினா அடுத்த லோஞ்ச் பின்னேரம்தான்."

ஓட்டோவில் வந்து இறங்கிய அம்மா கிழிந்த சட்டையை இழுத்து மூடிவிட்டார். வீட்டுக்குப் போகும் வழியில் ஓட்டோவை நிறுத்தி, ஒரு கடையில் பூட்டு வாங்கினார்.

"நாளைக்கு இருந்து பூட்டப்போறன் தம்பி," என்றார். "மகள் சொன்னது சரி." என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

அன்று பின்னேரம் நான் அரிசிப் பீப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கனடாவுக்குப் போனவர் தந்த மணிக்கூட்டின் மெசின் சிறியது, அந்தக் கூட்டுக்குள் அடங்கும். இது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரியாததுபோல இருந்தேன். மாற்றுவதென்றால், குமிழிலிருந்து உள்ளே போகும் மெல்லிய கம்பியைப் புதுக்கூட்டுக்கு ஏற்றபடி வெட்டவேண்டும். வெட்டினால் அதன் சொந்தக் கூட்டுக்குப் பிறகு எட்டாது. அதற்கு இன்னொரு கம்பி இந்த நாட்டில் எங்கே தேடுவது? ஒறிஜினல் மெசினை ரெப்ளிக்கா கூட்டுக்குள் வைத்தவன் என்று குழுவில் தெரிந்தால் காறித் துப்புவார்கள்.

"என்ன, அரிசிக்குக் காவலோ?" என்று வந்தாள் மனைவி. சொன்னேன்.

"அதை நீங்கள் கட்டினதுமில்லை, ஒருத்தருக்குக் காட்டினதுமில்லை."

"ஒறிஜினல் அது."

"ஐயான்ரையும் ஒறிஜினல்தான்," என்றாள். "அலுமாரிக்குள்ளதான் கிடந்தது."

அடுத்த நாள் போயா, பௌர்ணமி விடுமுறை, கடை பூட்டு. காலையிலேயே யன்னலோரம் மேசையைப் போட்டு வெள்ளைத் துணி விரித்தேன். பக்கத்து வீட்டில் கேற் பூட்டியாகிவிட்டது. நான் பின்மூடியைத் திறக்கும்போதே கேற்றுக் கம்பி ஆடும் சத்தம் கேட்கத் தொடங்கியது. "தம்பி, ஒருக்காத் திறந்து விடுங்கோ." யாரோ சைக்கிள்காரர், "அம்மா இல்லையே ஐயா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மறுபடி கம்பிச் சத்தம். அதை ஆட்டி உடைக்கிறவரின் சத்தம் இல்லை. ஆட்டுவார், நிறுத்துவார், யாராவது வருகிறார்களா என்று பார்ப்பார், திரும்ப ஆட்டுவார்.

மெசினை எடுத்தேன். பிளேன்ரீயில் நனைந்த முகத்தை அதன்மேல் பொருத்தினேன். முகத்தின் பின்னாலுள்ள சின்னக் கால்கள் பொருந்தவில்லை, அவற்றை வெட்டிவிட்டு ஒட்டினேன். மெசின் ஆடாமலிருக்கச் சுற்றிவர ஒரு வளையம் வைத்தேன். பிறகு குமிழின் கம்பி. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெட்டவேண்டும். ஒரு துணுக்கு, வைத்துப் பார், எடு, இன்னொரு துணுக்கு. கூட வெட்டுப்பட்டால் எல்லாம் முடிந்தது. கேற்றின் சத்தம் நின்றால் நானும் நிறுத்தி, சத்தம் வருகிறதா என்று கேட்பேன். வந்ததும் தொடருவேன்.

கடைசித் துணுக்குக்குப் பிறகு குமிழ் கூட்டோடு போய் ஒட்டி நின்றது. முள் அசைந்தது. சாவி கொடுத்துப் பார்க்கலாம் என்று விரல் போனது. வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். அது அவருக்கு உரியது.

எனக்காக அம்மா பூட்டைத் திறந்ததும் ஐயா என்னைத் தாண்டிப் போகப் பார்த்தார். நான் மணிக்கூட்டை நீட்டினேன். நின்றார். இந்த முறை முகத்தைப் பார்க்கவில்லை. வாங்கின கையோடு பெருவிரல் குமிழுக்குப் போனது. உரிந்த தோல் இன்னும் ஆறியிருக்கவில்லை. திருகினார். இந்த மெசினின் சத்தம் வேறு, கனத்த சத்தம். திருகினார், திருகினார். அம்மா திறந்த பூட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். நான் அவரது விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய சுருள், வெகுநாள் ஓடாதது, இந்த நேரம் பார்த்து அறுந்துவிட்டால் என்று ஒரு நினைப்பு வந்தது.

விரல் நின்றது. இன்னொரு தரம் மெல்ல அழுத்திப் பார்த்தார். போகவில்லை.

"ம்," என்றார்.

மணிக்கூட்டைக் கட்டினார். வாரை எந்தத் துளையில் போடுவதென்று தடுமாறியபோது அம்மா குனிந்து போட்டுவிட்டார். ஐயா போய்க் கதிரையில் இருந்து, "தேத்தண்ணி?" என்று கேட்டார். அம்மா குசினிக்குப் போனார். கேத்தில் வைக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் கொதித்து மூடி தட்டுப்படத் தொடங்கிய பிறகுதான் அவர் மூக்கைச் சிந்துவது கேட்டது.

அதன் பிறகு ஐயா தனியே வெளியே போகவில்லை. காலையில் சாவி கொடுப்பார், நிற்கும், தேத்தண்ணி குடிப்பார். அம்மா நிம்மதியாகக் குளித்தார். மகள் ரெலிபோனில் எனக்கு நன்றி சொல்லும்போதும் அழுதாள். சுங்கத்திலிருந்து விடுபட்டு அந்தப் பொதி வந்தபோது நான் அதைப் பிரிக்கவே இல்லை.

சில கிழமைகள் கழித்து, மதிலோரம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"நல்லது செய்தீங்கள் தம்பி. ஆனா ஒண்டு. முந்தி வோச் கேக்கேக்க வீட்டுக் கதையெல்லாம் வரும். அலுமாரி எந்த அறைக்குள்ள, கிணத்தடிப் பக்க யன்னல், சிவலைப் பசு எண்டு சொல்லிக்கொண்டிருப்பார். நான் ஏசுவன், ஆனா கேட்டுக்கொண்டுதான் இருப்பன். அவருக்கு மட்டும்தான் அந்த வீடு இருந்தது. இப்ப கேக்கிறதுக்கு ஒண்டுமில்லை அவருக்கு. வீட்டுக் கதையும் நிண்டுபோச்சு."

ஒரு சீலையை உதறி விரித்தார். நோய் தன் பாட்டுக்குக் கூடியதால் நின்றதோ, நான் செய்த மணிக்கூட்டால் நின்றதோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். டொக்டரைக் கேட்டால் முதலாவதைத்தான் சொல்லுவார். மனைவியிடம் சொன்னபோது, "நீங்கள் இதுக்கும் யோசிப்பீங்கள் எண்டு தெரியும்," என்றாள். பிறகு, "பாவம் அந்த மனுசி," என்றாள்.

பின்னேரங்களில் அம்மாவே ஐயாவைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குதுறைக்கு வரத் தொடங்கினார். எங்கள் கடைக்கு முன்னாலுள்ள மர வாங்கில் இருவரும் இருப்பார்கள். மூதூர் லோஞ்ச் வரும், ஆட்கள் இறங்குவார்கள், ஏறுவார்கள். முன்பு சட்டையைக் கிழித்து இழுக்கவேண்டியிருந்த மனிதர், லோஞ்ச் கயிறு கட்டுவதை வேறு யாருடையதோ அலுவலைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் நான் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நின்றேன். லோஞ்ச் புறப்பட ஆயத்தம். அம்மா அவர் பக்கம் திரும்பி, பழைய ஐயாவிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

"போவமே, வீட்டை?"

ஐயா யோசித்தார். "எந்த வீடு?"

லோஞ்சின் கயிறு அவிழ்ந்தது. அம்மா அது விலகித் திரும்பும்வரை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"உங்களுக்கு நான் தேத்தண்ணி போட்டுத் தாற வீடு."

"ஓம்," என்றார் ஐயா. "அப்ப போவம்." முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். வீதியில் பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. அது போகும்வரை நின்று, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடந்தார்.